பழைய பைக்கைக் கிளப்பும்போது: எந்தக் கோளாறுக்கு முதலில் எங்கே கை வைப்பது

பல வருஷம் மூலையில் நின்ற பைக் கைக்கு வந்ததும் கால் பரபரக்கும். பெட்ரோலை ஊற்று, கிக்கரை ஓங்கி மிதி, ஓடுதா பார்ப்போம் என்று தோன்றும். உள்ளே சிலிண்டர் துருப்பிடித்திருந்தால் அந்த ஒரே மிதியில் பிஸ்டன் ரிங் உடையும். அதுவரை இல்லாத செலவை நாமே உண்டாக்கிக்கொள்வோம்.

கீழே உள்ளவை கார்பரேட்டரும் (பெட்ரோலைக் காற்றோடு கலப்பது) பாயிண்டும் (ஸ்பார்க் வர வேண்டிய நொடியில் கரண்டைத் துண்டிக்கும் சிறு ஸ்விட்ச்) உள்ள ஒற்றை சிலிண்டர் வண்டிகளை மனதில் வைத்து எழுதியவை. டூ ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டும் உண்டு. வித்தியாசம் வரும் இடத்தில் சொல்கிறேன். ஒவ்வொரு கோளாறுக்கும் காசில்லாமல் பார்க்கக்கூடியது முதலில், இன்ஜினைப் பிரிக்க வேண்டியது கடைசியில். இரண்டு சாமானை ஒன்றாக மாற்றாதீர்கள். வண்டி சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாது; சரியாகாவிட்டால் புதுச் சாமானின் மேலும் சந்தேகம் வரும்.

கையில் இருக்க வேண்டியவை: பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), மல்டிமீட்டர், ஒரு புது பிளக், கழற்றுவதற்கு முன் படம் எடுக்க ஒரு போன். ஜப்பானிய வண்டி என்றால் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) வகை ஸ்க்ரூ டிரைவரும் வேண்டும். அந்த ஸ்க்ரூக்கள் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ மாதிரியே இருக்கும். ஆனால் சாதாரண டிரைவரைப் போட்டுத் திருகினால் வழுக்கித் தலையை மொட்டையாக்கிவிடும்.

## கிக்கர் கீழே இறங்கவே இல்லை

முதலில் கியரில் நிற்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், எல்லோருக்கும் நடக்கும். அடுத்து பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக மிதியுங்கள். இப்போது இறங்கினால், சிலிண்டருக்குள் ஆயிலோ பெட்ரோலோ தேங்கியிருந்திருக்கிறது. பிளக் துளை வழியாக வெளியே பீய்ச்சும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். நான்கைந்து தடவை மிதித்து வெளியேற்றிவிட்டு, ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் இன்ஜின் ஆயிலையும் மாற்றுங்கள். பெட்ரோல் கலந்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

பிளக் இல்லாமலும் அசையவில்லையா? பிஸ்டன் பிடித்திருக்கிறது. பிளக் துளை வழியாக டீசலோ, துரு இளக்கும் ஆயிலோ நாலைந்து ஸ்பூன் விட்டு, துளையைத் துணியால் மூடி, இரண்டு நாள் விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கிக்கரில் ஏறிக் குதிக்கக் கூடாது. கிக் ஷாஃப்ட் பல் உடைந்தால் கேஸைப் பிரிக்க வேண்டிவரும். சக்கரத்தை ஆட்டும்போது கடுகளவு அசைந்தாலும் போதும், மறுபடி ஆயில் விட்டுக் காத்திருங்கள். ஒரு வாரம் வரை நான் பொறுத்துப் பார்ப்பேன். அதற்கும் மசியவில்லை என்றால் ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்ற வேண்டியதுதான். போர் சுவரில் (சிலிண்டரின் உட்சுவர்) நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குத் துருக் குழி இருந்தால் அது லேத்துக்குப் போக வேண்டிய சிலிண்டர். எமரி ஷீட்டால் தேய்த்துத் தப்பிக்க முடியாது.

## கிக்கர் காற்றில் மிதிப்பது போல இறங்குகிறது

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) இல்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். டீகம்ப்ரஷர் (மிதிக்க லேசாக இருக்க வால்வைச் சற்றே திறந்து பிடிக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் அதன் கேபிள் இறுகியிருந்தாலே வால்வு முழுக்க மூடாது. கேபிளைக் கழற்றிவிட்டு மிதித்துப் பாருங்கள். பிளக் தளர்ந்திருக்கிறதா, அதன் வாஷர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கிக்கர் இறங்குகிறது, ஆனால் இன்ஜின் சுற்றவே இல்லை என்றால் வழுக்குவது கிளட்ச் அல்லது கிக்கர் பல். பிளக் துளையில் ஒரு நீளமான ஸ்ட்ராவை நிறுத்தி மெதுவாக மிதியுங்கள். பிஸ்டன் ஏறி இறங்கினால் ஸ்ட்ராவும் ஏறி இறங்கும்.

இன்ஜின் சுற்றுகிறது, எதிர்ப்பு மட்டும் இல்லை. ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் ராக்கர் மூடியைத் திறந்து, மிதிக்கும்போது இரண்டு வால்வும் போய்த் திரும்புகின்றனவா பாருங்கள். வண்டி நின்ற காலத்தில் திறந்த நிலையில் இருந்த வால்வு கைடுக்குள் துருப்பிடித்து அப்படியே நின்றுவிடுவது உண்டு. அடுத்து டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி. இடைவெளியே இல்லாமல் இறுகியிருந்தால் வால்வு சீட்டில் உட்காராது.

இரண்டும் சரி என்றால் பிளக் துளையில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி மிதியுங்கள். இப்போது எதிர்ப்பு கூடினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. கூடாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். இந்த ஆயில் சோதனையை டூ ஸ்ட்ரோக்கில் நம்ப வேண்டாம். ரிங், போர், வால்வு என்று தெரிந்துவிட்டால் அளந்து பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மைக்ரோமீட்டர் இல்லாமல் ‘கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லிப் புது ரிங் போட்டு, மறுபடி பிரித்தவர்கள் நிறைய.

## கிக்கர் திரும்பி அடிக்கிறது

கணுக்கால் எலும்பு முறியும் விஷயம், விளையாட வேண்டாம். தீப்பொறி சீக்கிரமே வருகிறது. பாயிண்ட் இடைவெளி அதிகமாக இருந்தால் பாயிண்ட் முன்னதாகத் திறக்கும், டைமிங்கும் முன்னே போகும். பெரும்பாலான வண்டிகளில் இந்த இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. அடுத்து, பாயிண்டுக்குப் பின்னால் எடைக்கற்களும் ஸ்பிரிங்கும் உள்ள ஆட்டோ அட்வான்ஸ் இருந்தால் அதை விரலால் திருப்பி விடுங்கள். சட்டென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். துருவால் விரிந்தபடியே நின்றிருந்தால் சுத்தம் செய்து ஒரு சொட்டு ஆயில் விட்டாலே போதும். அப்படியும் அடித்தால் ஃப்ளைவீல் சாவி (காந்தம் பொதிந்த ஃப்ளைவீலை ஷாஃப்டில் பூட்டும் சிறு உலோகத் துண்டு) வெட்டுப்பட்டு மேக்னெட் நகர்ந்திருக்கலாம். ஃப்ளைவீலைக் கழற்ற அதற்கான புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வேண்டும். சுத்தியலை எடுப்பதாக இருந்தால் மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

## நன்றாக மிதிபடுகிறது, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை

இந்தக் கேள்விதான் அதிகம் வரும். கேட்பவர்களில் பலர் அதற்குள் கார்பரேட்டரை இரண்டு தடவை பிரித்து மாட்டியிருப்பார்கள். என் அனுபவத்தில் ‘கார்பரேட்டர் கோளாறு’ என்று வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் கரண்ட் கோளாறுதான். அதனால் பிளக்கைக் கழற்றி அதைப் படியுங்கள்.

### பிளக்கில் ஸ்பார்க் இல்லை, அல்லது மங்கலான மஞ்சள் பொறி

பிளக்கைக் கேப்பில் மாட்டி, உலோக உடலை இன்ஜினில் அழுத்தி, பிளக் துளையிலிருந்து தள்ளி வைத்து மிதியுங்கள். துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும், அதனால்தான் தள்ளி வைக்கச் சொல்கிறேன். ‘டப்’ என்று நீலமாக வந்தால் நல்லது.

வராவிட்டால் இந்த வரிசையில் பாருங்கள். புது பிளக் போடுங்கள். வரவில்லையா, கில் ஸ்விட்சுக்கும் (இன்ஜினை நிறுத்தும் ஸ்விட்ச்) சாவிக்கும் போகும் ஒயரை, ஸ்பார்க்குக்கு வோல்ட்டைக் கூட்டும் காயிலின் பக்கத்தில் கழற்றிவிட்டு மிதியுங்கள். மேக்னெட்டோ வண்டிகளில் (பேட்டரி இல்லாமல் இன்ஜினே ஸ்பார்க்குக்குக் கரண்ட் தருபவை) இந்த ஒயர் எங்காவது உடம்பில் உரசி எர்த் ஆகியிருந்தால் ஸ்பார்க் செத்துவிடும். பேட்டரியிலிருந்து காயிலுக்குக் கரண்ட் போகும் வண்டியில் இதைச் செய்யாதீர்கள். அங்கே பேட்டரியே இறங்கியிருக்கலாம், முதலில் வோல்ட் அளக்க வேண்டும். பிறகு பிளக் கேப்பைத் திருகிக் கழற்றுங்கள். பழைய ஒயரின் நுனியில் செம்பு பச்சை பூத்திருக்கும். 5 மி.மீ. வெட்டி எறிந்துவிட்டு, புதிதாகத் தெரியும் செம்புக்குள் கேப்பின் ஸ்க்ரூ ஏறும்படி இறுக்குங்கள். இது எத்தனையோ வண்டிகளை எழுப்பிய வேலை.

அடுத்தது பாயிண்ட். பல வருஷம் திறக்காமல் நின்ற பாயிண்டின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் ஏறிவிடும், கரண்ட் கடக்காது. நுண்ணிய எமரியை மடித்து இரண்டு முகத்துக்கும் நடுவே இரண்டு இழுப்பு. அதற்குப் பிறகு வெள்ளைத் தாளில் பெட்ரோல் நனைத்து, அழுக்குத் தாளில் ஒட்டாத வரை இழுத்துத் துடைக்க வேண்டும். பலர் இந்த இரண்டாம் வேலையை விட்டுவிடுவார்கள். எமரித் தூள் அங்கேயே தங்கி மறுநாள் பழைய கதை. பாயிண்ட் திறக்கும்போது அதில் பெரிய நீலப் பொறி பறந்தால் கண்டென்சர் (அந்தப் பொறியை அடக்கும் சிறு டப்பா) போயிருக்கிறது, காயிலைத் தொடும் முன் அதை மாற்றுங்கள்.

இத்தனைக்கும் பிறகு இல்லை என்றால் காயில், அல்லது மேக்னெட் தட்டில் உள்ள சுருள். சுருள் சுற்றுவதற்கு ஆட்டோ எலக்ட்ரீஷியன்தான் சரி.

### ஸ்பார்க் இருக்கிறது, பிளக் காய்ந்திருக்கிறது

பெட்ரோல் வரவில்லை. கார்பரேட்டர் பக்கம் பைப்பைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு டேங்க்கின் பெட்ரோல் டேப்பைத் திறங்கள். தடையில்லாமல் கொட்ட வேண்டும். சொட்டினால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். அதற்குப் பிறகு கொட்டினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. திறந்தும் சொட்டினால் டேப் ஃபில்டரில் டேங்க் துரு. டேங்க் உள்ளே துரு இருக்கும் வரை கார்பரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை. அதனால் டேங்க்தான் முதல் வேலை. டேங்க்கில் ஓட்டை இருந்து வெல்டிங் வைக்க வேண்டும் என்றால் வீட்டில் முயலவே கூடாது. வருஷக்கணக்கில் காலியாக இருந்த டேங்க்கிலும் ஆவி இருக்கும், வெடிக்கும்.

பெட்ரோல் வருகிறது, பிளக் மட்டும் காய்ந்திருக்கிறது என்றால் இப்போதுதான் கார்பரேட்டரின் முறை. பௌலை (கார்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) திறந்தால் பழைய பெட்ரோல் அரக்கு மாதிரிப் படிந்திருக்கும், ஒரு புளித்த நெடி வரும். பெட்ரோல், காற்றுக் கலவையைச் சரி செய்யும் மிக்சர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் உள்ளே எத்தனை சுற்று இறங்குகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் எடுத்த பிறகுதான் கிளீனர். ஸ்லோ ஜெட்டை (ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையுள்ள குழல்) கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஊசி முனை அளவில் ஒரு வட்டம், முழு வட்டம், தெரிய வேண்டும். பிறை மாதிரி தெரிந்தால் இன்னும் அடைப்பு இருக்கிறது. இரும்புக் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதானால் அந்த ஜெட் வீண். பிரஷ்ஷின் ஒரு நைலான் மயிரோ, மெல்லிய செம்பு ஒயரின் ஒரு இழையோ போதும். பிறகு காற்றடித்து மாட்டுங்கள்.

### ஸ்பார்க் இருக்கிறது, பிளக் நனைந்திருக்கிறது

பெட்ரோல் அதிகம். டேப்பை மூடி, சோக்கை விடுத்து, ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்து பத்துத் தடவை மிதியுங்கள். பிளக்கைத் துடைத்துக் காய வைத்து மாட்டினால் பல வண்டி கிளம்பிவிடும். திரும்பத் திரும்ப நனைந்தால் சோக் பிளஞ்சர் மேலேயே சிக்கியிருக்கிறதா, ஏர் ஃபில்டரில் எலி கூடு கட்டியிருக்கிறதா பாருங்கள். எலிக்கூடு நகைச்சுவைக்குச் சொல்லவில்லை.

## கார்பரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டுகிறது

பௌலை ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் இரண்டு தட்டு தட்டுங்கள். நின்றால் ஃப்ளோட் நீடிலில் (பௌல் நிரம்பியதும் மிதவை தூக்கிப் பெட்ரோலை அடைக்கும் ஊசி) தூசி. நிற்காவிட்டால் பிரித்து, நீடிலின் கூம்பு முனையை நகத்தால் தடவுங்கள். வளையமாக ஒரு பள்ளம் தட்டினால் மாற்ற வேண்டும். ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே சளசளத்தால் ஓட்டை, பெட்ரோல் புகுந்து கனத்துவிட்டது. சொட்டும் வண்டியை டேப் திறந்தபடி இரவில் நிறுத்தாதீர்கள்.

## கிளம்புகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது

நின்ற பிறகு எவ்வளவு நேரம் கழித்து மறுபடி கிளம்புகிறது என்பதைப் பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது.

டேங்க் மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்ற சத்தம் வந்து உடனே கிளம்பினால் மூடியின் காற்றுத் துளை. ஒரு ஊசியும் கொஞ்சம் பெட்ரோலும் போதும்.

இரண்டு மூன்று நிமிஷம் கழித்துக் கிளம்பி மறுபடி அதே தூரத்தில் நின்றால் பெட்ரோல் ஓட்டம் குறைவு. பௌல் நிரம்பும் வரை காத்திருக்கிறது. டேப் ஃபில்டர், மடங்கிய பைப், ரிசர்வில் மட்டும் ஓடுகிறதா என்ற வரிசையில் போங்கள்.

இருபது முப்பது நிமிஷம், இன்ஜின் தொடும் அளவுக்கு ஆறினால்தான் கிளம்புகிறது என்றால் சூட்டில் செயலிழக்கும் கண்டென்சர் அல்லது காயில். இதைக் குளிர்ந்த வண்டியில் சோதித்தால் எல்லாம் சரியாகவே காட்டும். நின்ற அந்த நொடியில், வழியிலேயே பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் பார்க்க வேண்டும். கையுறை வைத்துக்கொள்ளுங்கள், பிளக் கொதிக்கும்.

டூ ஸ்ட்ரோக் கீச்சென்று இறுகி நின்றால் அது வேறு. பிஸ்டன் சீஸ் ஆகிறது, அதாவது சூட்டில் விரிந்து சிலிண்டரில் பிடித்துக்கொள்கிறது. உடனே கிளட்ச்சைப் பிடியுங்கள். ஆறியதும் கிளம்பினாலும் ஓட்டாமல் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வாருங்கள். பெட்ரோலில் ஆயில் கலந்தீர்களா, ஆயில் பம்ப் உள்ள வண்டியில் பம்ப் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, சிலிண்டரைக் கழற்றி பிஸ்டனைப் பார்க்காமல் மறுபடி எடுக்க வேண்டாம்.

## ஐட்லிங்கில் ரேஸ் தானாக ஏறுகிறது

இன்ஜின் ஓடும்போது ஹேண்டில்பாரை இடமும் வலமும் திருப்புங்கள். ரேஸ் மாறினால் கேபிள் இழுபடுகிறது, வழியை மாற்றினால் தீர்ந்தது. மாறாவிட்டால் கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பரில் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். ஓட்டத்தில் மாற்றம் தெரிந்தால் அங்கே காற்று இழுக்கிறது. பழைய ரப்பர் மேலே பளபளப்பாக இருந்தாலும் மடித்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும்.

டூ ஸ்ட்ரோக்கில் இந்த இரண்டும் இல்லை என்றால் மேக்னெட் பக்க கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் ஷாஃப்ட்) ஆயில் சீல். வண்டி நின்ற காலத்தில் சீலின் உதடு கட்டையாகிவிடும். காற்று அதிகமாகி, பெட்ரோல் கலவை நீர்த்து, பிஸ்டன் தலையில் ஓட்டை விழும் வரை போகும். ஓட்டாதீர்கள். ரேஸ் கட்டுக்கு அடங்காமல் ஏறிச் சாவியை அணைத்தும் நிற்காவிட்டால், பிரேக்கை அழுத்தி டாப் கியரில் போட்டுக் கிளட்ச்சை விடுங்கள், அடைத்துக்கொண்டு நிற்கும். மேக்னெட் பக்க சீலைப் புல்லர் இருந்தால் வீட்டிலேயே மாற்றலாம். பல வண்டிகளில் மறுபக்க சீலுக்குக் கிளட்ச்சையே இறக்க வேண்டும்; முதல் வண்டி என்றால் கொடுத்துவிடுவது நல்லது.

## புகை

கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், சோக், ஏர் ஃபில்டர், ஃப்ளோட் என்று பாருங்கள். காலையில் மெல்லிய வெள்ளைப் புகை வந்து சில நிமிஷத்தில் மறைந்தால் சைலன்ஸருக்குள் இருந்த ஈரம், விடுங்கள்.

நீலப் புகைக்கு நேரம் கவனியுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கில் நெடுநாள் நின்று முதல் முறை கிளப்பும்போது மட்டும் வந்தால், ஆயில் கீழே கிராங்க்குக்கு வடிந்திருக்கும். தனி ஆயில் டேங்க் உள்ள பழைய வண்டிகளுக்கு இது வழக்கம். ஆயில் அளவைப் பார்க்கும் முன் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள், இல்லையென்றால் குறைவாகக் காட்டுகிறதே என்று மேலே ஊற்றிவிடுவீர்கள். ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி திருகும்போது வந்தால் வால்வு கைடு. இழுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங்.

டூ ஸ்ட்ரோக்கில் கட்டிப் புகை வந்து, கியர் பாக்ஸ் ஆயில் மட்டும் குறைந்துகொண்டே போனால் கிளட்ச் பக்க கிராங்க் சீல். கியர் ஆயிலை இன்ஜின் குடிக்கிறது.

## விளக்கு மங்குகிறது, பேட்டரி சார்ஜ் ஏறவில்லை

மல்டிமீட்டரைப் பேட்டரியில் வையுங்கள். 12 வோல்ட் பேட்டரி நிறைந்து ஓய்வாக இருந்தால் 12.6க்கு மேல், 6 வோல்ட் என்றால் 6.3 அளவில் காட்டும். 12 வோல்ட் வண்டியை ரேஸ் செய்யும்போது 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவே இல்லை என்றால் கனெக்டர், ரெக்டிஃபயர் (சுருளின் ஏசி கரண்டைப் பேட்டரிக்கு டிசியாக மாற்றுவது), மேக்னெட் சுருள் என்று போங்கள். 15ஐத் தாண்டினால் வோல்ட்டை மட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போயிருக்கிறது, பல்புகள் எல்லாம் போகும் முன் மாற்றுங்கள்.

புதிதாகப் பெயிண்ட் அடித்த வண்டிக்கென்றே ஒரு கோளாறு உண்டு. என் முதல் வண்டியில் இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட் சேர்ந்து மினுக்கியது, ஹாரன் முனகியது. இரண்டு மாலை முழுக்க ஒயரிங்கைப் பிரித்தேன். கடைசியில் பார்த்தால் ஃப்ரேமில் எர்த் ஒயர் இறுகும் இடத்தில் நானே இரண்டு கோட் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறேன். போல்ட்டுக்குக் கீழே ஒரு காசு அளவு இடம் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரிந்ததும் எல்லா விளக்கும் ஒழுங்காக எரிந்தது. இப்போது ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் இன்னொன்றை இன்ஜின் கேஸிலும் வைத்துப் பார்ப்பதே என் முதல் வேலை. கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினாலே எங்கோ எர்த் சரியில்லை.

பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். வழக்கப்படி நெகட்டிவை ஃப்ரேமில் மாட்டினால் ரெக்டிஃபயர் புகையும். ஒயரின் நிறத்தை நம்பாமல், வண்டியின் கையேட்டைப் பார்த்து மாட்டுங்கள். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய ஃபியூஸ் போடுவது தீர்வல்ல. ஒயர் உருகும், பக்கத்தில் பெட்ரோல் டேங்க் இருக்கிறது. எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் எலக்ட்ரீஷியன்.

## கியர் போட்டதும் வண்டி குதித்து நின்றுவிடுகிறது

கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. லீவர் நுனியில் 2, 3 மி.மீ. ஆட்டம் இருக்கும்படி கேபிளைச் சரி செய்துவிட்டு, லீவரை ஹேண்டிலோடு கட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் இன்ஜினை அணைத்த நிலையில் கியரில் போட்டு, லீவரைப் பிடித்தபடி முன்னும் பின்னும் தள்ளுங்கள். ‘டக்’ என்று விடும். விடாவிட்டால் கவரைத் திறந்து பிளேட்டுகளைப் பிரித்துத் துடைக்க வேண்டும். கஷ்டமான வேலை இல்லை.

இதற்கு நேர்மாறாக, ரேஸ் ஏறுகிறது, வண்டி போகவில்லை என்றால் ஆயிலை விசாரியுங்கள். கார் ஆயில் ஊற்றியிருந்தால் பிளேட் வழுக்கலாம். ஆயிலிலேயே ஊறும் கிளட்ச் உள்ள வண்டிக்கு டப்பாவில் ஜாஸோ எம்ஏ (JASO MA) என்று இருக்க வேண்டும்.

## பிரேக் பிடிக்கவில்லை

ட்ரம் பிரேக்கைத் திறந்ததும் தூசியை ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியைக் கட்டி எறியுங்கள். லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்தால், ஈரம் வைத்து எமரியில் லேசாகத் தேய்க்கலாம். 2 மி.மீ.க்குக் குறைந்திருந்தாலோ, ஆயில் ஊறியிருந்தாலோ தூக்கிப் போடுங்கள். ஊறிய ஷூவைப் பெட்ரோலில் கழுவினால் அன்றைக்குப் பிடிக்கும். சூடானதும் உள்ளிருக்கும் ஆயில் மறுபடி மேலே வரும். ஆயில் எங்கிருந்து வந்தது, வீல் பேரிங் சீலா என்றும் பாருங்கள்.

டிஸ்க் என்றால்: லீவர் பஞ்சு மாதிரி அமுங்கினால் குழாயில் காற்று. பிடித்தபடி வைத்தால் மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் சீல். லீவரை விட்டும் சக்கரம் சுற்றவில்லை என்றால் காலிப்பர் பிஸ்டன் துருவில் பிடித்திருக்கிறது. பழைய ஃப்ளூயிட் தேன் நிறத்தில் கறுத்திருந்தால் முழுக்க மாற்றுங்கள்; பெயிண்டில் பட்டால் பெயிண்டை உரித்துவிடும். காற்று எடுப்பதைப் பழகிக்கொள்ளலாம். மாஸ்டர் சிலிண்டரும் காலிப்பரும் முதல் தடவை தெரிந்தவர் கையில் செய்யட்டும், பக்கத்தில் நின்று பாருங்கள்.

பிரேக் சரியானதும் டயரின் பக்கவாட்டில் டிஓடி (DOT) எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி எண்களைப் படியுங்கள். 3215 என்றிருந்தால் 2015ஆம் வருஷத்தின் 32ஆம் வாரம். மூன்றே எண் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அதில் சாலைக்குப் போகாதீர்கள்.